ஈசார் ஆத்தை ஒட்டி கிராவல் பைக்: எந்த ரூட்டை முதல்ல ஓட்டணும்

மியூனிக் பக்கம் இருக்கிறவங்க கிராவல் பைக் (ஜல்லி ரோட்டுக்கும் தோதான, அகல டயர் போட்ட சைக்கிள்) வாங்கினதும் முதல்ல மேப்புல போடுறது கார்வெண்டல் மலையைச் சுத்தி வர்ற அந்தப் பெரிய லூப்பைத்தான், 75 கிமீ கிட்ட வரும், போட்டோ எல்லாம் பிரமாதமா இருக்கும். தயவுசெஞ்சு அதைக் கடைசியா வச்சுக்கோங்க. ஈசார் பள்ளத்தாக்கை ஆறு பிறக்கிற இடத்துலேர்ந்து கீழ வரைக்கும் ரெண்டு நாள் தனித்தனியா ஓட்டிட்டு அப்புறம் மலை மேல ஏறினீங்கன்னா அந்த ஜல்லி எப்படி நடந்துக்கும்னு கைக்கும் காலுக்கும் தெரிஞ்சிருக்கும், மூணாவது நாள் லூப் ரொம்ப நிம்மதியா போகும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சட்ட விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியாது. மிட்டன்வால்டுக்கும் ஷார்னிட்ஸுக்கும் நடுவுல ஜெர்மனி முடிஞ்சு ஆஸ்திரியா ஆரம்பிக்குது, 6 கிமீ தூரம்தான், ஆனா ரூல் அப்படியே மாறிடும். பவேரியாவுல சைக்கிளுக்குத் தோதான காட்டுப் பாதைல ஓட்டலாம், இயற்கையை அனுபவிக்கிற உரிமையே அந்த மாநில அரசியல் சட்டத்துல இருக்கு. ஆஸ்திரியாவுல 1975 வனச் சட்டப்படி காட்டு ரோடு பொதுவா நடக்கிறவங்களுக்குத்தான், சைக்கிள் போகணும்னா அந்த ரூட்டை சைக்கிளுக்குன்னு திறந்து விட்டிருக்கணும். அதனால ஆஸ்திரியாவோட டிரோல் மாநிலப் பக்கம் வந்தா மவுண்டன் பைக் ரூட் போர்டு இருக்கிற வழில மட்டும் போங்க, ஆப்ல கோடு தெரியுதேன்னு எந்த ரோட்லயும் திரும்பாதீங்க. நான் கீழ சொல்ற டிரோல் பள்ளத்தாக்கு எல்லாமே சைக்கிளுக்குத் திறந்த ரூட்தான்.

முதல் நாள் ஹின்டராவ்டால், ஈசார் பிறக்கிற பள்ளத்தாக்கு. மியூனிக்லேர்ந்து கார்மிஷ் வழியா மிட்டன்வால்டுக்கு நேரா ரயில் இருக்கு, சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்கணும், அதை மறந்துடாதீங்க. அங்கேர்ந்து ஆத்தை ஒட்டியே ஷார்னிட்ஸ் வந்து கிழக்கால திரும்பினா பத்து நிமிஷத்துல வீடெல்லாம் மறைஞ்சிடும். வெளி ஆளுங்க கார் உள்ள வராது, ரோடு நல்லா இறுகின வெள்ளை ஜல்லி, வலது பக்கமோ இடது பக்கமோ தண்ணி கூடவே வந்துக்கிட்டே இருக்கும். ஷார்னிட்ஸ் 964 மீட்டர், ஈசார் பிறக்கிற இடம்னு போர்டு வச்சிருக்கிற இடம் 1160 மீட்டர், அந்த 12 கிமீக்கு ஏத்தம் மொத்தமே 200 மீட்டர் சொச்சம்தான், நடுநடுவுல சின்ன மேடு பள்ளம் வரும். அங்க சின்னச் சின்ன ஓடைங்க புதர்களுக்கு நடுவுல ஒண்ணு சேர்ந்து ஆறாகுது, பைக்கைச் சாய்ச்சு வச்சுட்டு கையை விட்டுப் பாருங்க, ஆகஸ்ட் மாசத்துலயும் விரல் மரத்துப் போகும். இன்னும் கொஞ்ச தூரம் போனா காஸ்டன்ஆல்ம்னு ஒரு மலை மேய்ச்சல் இடம், அதுக்கு மேல ஹாலரங்கர் பக்கம் ஏத்தம் செங்குத்தா இருக்கும், முதல் நாளுக்கு வேண்டாம்.

இந்த ரோட்ல ஒரு விஷயத்தை நல்லாப் பாத்துப் பழகிக்கோங்க. மழைத்தண்ணி ரோட்டை அரிச்சிடாம இருக்க அங்கங்க குறுக்கால சின்னக் கால்வாய் வச்சிருப்பாங்க, மரச்சட்டமோ இரும்புப் பட்டையோ, ரெண்டு விளிம்புக்கு நடுவுல ஒரு கை அகலப் பள்ளம். ஏறும்போது ஒண்ணும் தெரியாது. திரும்பி 35 கிமீ வேகத்துல வர்றப்ப நிழல்ல ஒண்ணு இருந்துச்சு, நான் உக்காந்தபடியே அதுல விட்டேன், பின் டயர் விளிம்புல நச்சுன்னு அடிச்சு பக்கச்சுவர் ரெண்டு சென்டிமீட்டருக்குக் கிழிஞ்சுது, டியூப் இல்லாத டயருக்குள்ள ஓட்டையை அடைக்க ஊத்தியிருக்கிற சீலன்ட் திரவம் வெள்ளையா பீச்சி அடிச்சு காத்து மொத்தமும் போயிடுச்சு. ஓட்டைல சொருகுற ரப்பர் பிளக் அதுல நிக்கவே இல்ல. உள்ள பழைய டயர் துண்டு ஒண்ணு வச்சு டியூப் போட்டுத்தான் ஷார்னிட்ஸ் வந்து சேர்ந்தேன். அதனால டியூப்லெஸ் ஓட்டினாலும் ஒரு டியூப், ஒரு டயர் துண்டு, பம்ப் மூணும் கண்டிப்பா எடுத்துக்கோங்க. கால்வாயைப் பாத்தா பெடல் ரெண்டையும் சமமா வச்சு எழுந்து நின்னு, முழங்கையை இளக்கி, நேர்க்கோட்டுல தாண்டுங்க, சாய்வா தாண்டாதீங்க. மாடு தாண்டாம இருக்க போட்டிருக்கிற இரும்புக் கம்பி கிரிடுக்கும் இதேதான், அது நனைஞ்சிருந்தா மேல பிரேக்கே பிடிக்கக் கூடாது.

டயர் 40லேர்ந்து 45 மில்லிமீட்டர் போதும், என் அபிப்பிராயத்துல 45ஐ எடுங்க, இங்க இருக்கிறது சுண்ணாம்புக்கல், உடைஞ்சா ஓரம் கூர்மையா இருக்கும். கியர்ல முன்னாடி பல்லை விடப் பின்னாடி பல் அதிகமா வர்ற மாதிரி ஒரு கியராவது வேணும், இல்லன்னா மூணாவது நாள் தள்ளிக்கிட்டுத்தான் போகணும். பாறை முழுக்க சுண்ணாம்பா இருக்கிறதால மேல ஓடைத் தண்ணி நிறைய இடத்துல நிலத்துக்குள்ள இறங்கிடும், மேப்புல நீலக்கோடு இருக்கேன்னு நம்பிப் போனா வெறும் காஞ்ச கல்லுதான் கிடக்கும், ரெண்டு பாட்டிலையும் கீழயே நிரப்பிக்கோங்க.

ரெண்டாவது நாள் ஆத்தோட போக்குல கீழ. மிட்டன்வால்டுலேர்ந்து க்ரூன், வால்காவ், ஃபோர்டர்ரிஸ், சில்வன்ஸ்டைன் ஏரி, லெங்க்ரீஸ், 50 கிமீக்குக் கொஞ்சம் மேல வரும், லெங்க்ரீஸ்லேர்ந்து மியூனிக்குக்கு ரயில் இருக்கு, அதனால திரும்பி வர்ற கவலை இல்ல. க்ரூன்ல ஒரு தடுப்பணை வரும், நின்னு பாருங்க. 1924ல வால்ஹன் ஏரி மின்நிலையத்துக்காக ஈசார் தண்ணியை அங்கேர்ந்து திருப்பி விட்டாங்க, அதுக்குக் கீழ ஆறு பல வருஷம் கிட்டத்தட்ட காஞ்சு கிடந்துச்சு, 1990லேர்ந்துதான் திரும்ப ஓரளவு தண்ணி விடுறாங்க. வால்காவ்லேர்ந்து ஃபோர்டர்ரிஸ் வரைக்கும் கார்காரங்க காசு கட்டுற டோல் ரோடு, நமக்கு இலவசம். அது தார் ரோடுதான், ஆனாலும் அதை விட்டுடாதீங்க, ஏன்னா பக்கத்துல ஆறு கரைகட்டாம அகலமா விரிஞ்சு, வெள்ளைக் கூழாங்கல் திட்டு திட்டா கிடக்க, நடுவுல நாலஞ்சு கிளையா பிரிஞ்சு ஓடும். ஆல்ப்ஸ்ல பெரும்பாலான ஆறுகளைக் கரைகட்டி ஒடுக்கிட்டாங்க, ஒரு காலத்துல எல்லாமே இப்படித்தான் இருந்திருக்கும். அந்தத் திட்டுல மட்டும் பைக்கை இறக்காதீங்க. உள்ளான் மாதிரி சின்னப் பறவைங்க வசந்தத்துலேர்ந்து கோடை வரைக்கும் அந்தக் கல்லு நடுவுலயே முட்டை வைக்கும், முட்டையும் கூழாங்கல் மாதிரியே புள்ளி புள்ளியா இருக்கும், மிதிச்சது கூட நமக்குத் தெரியாது. தடை போர்டு இருக்கிற இடத்துல நடந்தும் இறங்க வேண்டாம்.

சில்வன்ஸ்டைன் அணை 1954லேர்ந்து 1959 வரைக்கும் கட்டினது, ஃபால்னு ஒரு ஊர் அதுல முழுகிப் போச்சு, மக்களை மேல புது ஊர் கட்டிக் குடி வச்சாங்க. ஏரிக்கிட்ட கொஞ்ச தூரம் வண்டிங்களோட போகணும், சனி ஞாயிறு மோட்டார் பைக் ஜாஸ்தி, முடிஞ்சா வார நாள்ல போங்க.

இப்ப அந்தப் பெரிய லூப். ஷார்னிட்ஸ்லேர்ந்து கார்வெண்டல்டால் பள்ளத்தாக்கு வழியா கார்வெண்டல்ஹவுஸ்ங்கிற மலைக் குடில் 18 கிமீ சொச்சம், உயரம் 1771 மீட்டர். லார்ஷெட்ஆல்ம் வரைக்கும், அதுக்கு அப்புறமும் கொஞ்ச தூரம், சுகமா போகும், அங்க வேகம் காட்டி காலைத் தீர்த்துக்காதீங்க, கடைசி அஞ்சு கிமீலதான் வளைஞ்சு வளைஞ்சு மொத்த ஏத்தமும் வச்சிருக்கு. குடில்ல சாப்பிட்டுட்டு 1803 மீட்டர்ல இருக்கிற ஹோக்ஆல்ம்சாட்டல் கணவாயைத் தாண்டினா க்ளைனர் ஆஹோர்ன்போடன் வரைக்கும் உயரத்துல 400 மீட்டர் இறக்கம், முஷ்டி சைஸ் உதிரிக்கல், சஸ்பென்ஷன் இருக்கிற மவுண்டன் பைக்குக்கே வேலை வைக்கும். ஹேண்டில்பாரோட கீழ் வளைவுல கையை வச்சு, இடுப்பைப் பின்னாடி தள்ளி, ரெண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிங்க. பின் சக்கரம் வழுக்க ஆரம்பிச்சா இறங்கி நடங்க, நான் இன்னைக்கும் அதுல ரெண்டு வளைவு நடந்துதான் வர்றேன். கீழ வந்தா மேப்பிள் மரங்களும் புல்வெளியுமா ஒரு சமவெளி, அங்க அரை மணி நேரம் படுத்துக்கோங்க. அப்புறம் யோஹானெஸ்டால், ஹின்டர்ரிஸ், ஃபோர்டர்ரிஸ், ரெண்டாவது நாள் பாத்த டோல் ரோட்ல இப்ப எதிர்த்திசைல லேசான ஏத்தமா வால்காவ், மிட்டன்வால்ட். களைச்ச காலுக்கு அந்த ஏத்தம் லேசா இருக்காது, சாப்பிட ஏதாவது மிச்சம் வச்சுக்கோங்க.

ஜூன்ல அந்தக் கணவாய்ல இன்னும் பனி கிடக்கலாம், ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கும்தான் நம்பிப் போகலாம். கோடைல மத்தியானத்துக்கு மேல இடி மழை சட்டுனு வரும், அதனால காலைல 7 மணிக்கு ஷார்னிட்ஸ்ல பெடல் மிதிச்சீங்கன்னா ரெண்டு மணிக்குள்ள கணவாயைத் தாண்டிடலாம். உள்ள நிறைய இடத்துல சிக்னல் கிடைக்காது, மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணுங்க, வீட்ல யாருக்காவது ரூட்டைச் சொல்லிட்டுப் போங்க. ஆஸ்திரியாப் பக்கம் மலை மீட்பு நம்பர் 140, ரெண்டு பக்கமும் 112 வேலை செய்யும். மாட்டுப் பட்டி கேட் மூடியிருந்தா திறந்து போயிட்டு திரும்ப மூடிடுங்க, பசு கன்னோட வழில நின்னா பைக்கை விட்டு இறங்கி, கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல போகாம, தள்ளிச் சுத்திப் போங்க.