லென்ஸ் அப்புறம் வாங்கலாம், மொதல்ல ஒரு ஏரியைப் பிடிங்க

போன வாரம் ஆபீஸ்ல ஒரு தம்பி வந்து "அண்ணா, பேர்ட் போட்டோகிராபி ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், 600 எம்எம் லென்ஸ் இஎம்ஐ-ல போட்டுடலாமா"ன்னு கேட்டான். நான் திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "உன் வீட்டுப் பக்கத்துல எந்த ஏரிடா?" ஆள் சென்னை மேடவாக்கம், பெரும்பாக்கம் ஏரி பைக்ல பத்து நிமிஷம், ஒரு நாள் கூட காலைல போய் நின்னதில்லையாம். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

கேமரா விஷயத்தை சீக்கிரம் முடிச்சிடலாம். ஏதாவது ஒரு கிராப் சென்சார் பாடி (உள்ள சென்சார் கொஞ்சம் சின்னதா இருக்குற கேமரா), கூட 55-250 இல்லன்னா 70-300 எம்எம் லென்ஸ், ஒரு வருஷத்துக்கு இது தாராளமா போதும். 1.5 கிராப்ல 300 எம்எம் போட்டா 450 மாதிரி தெரியும். லென்ஸ் மாத்துற வேலையே வேணாம்னா நிக்கான் பி950 மாதிரி பிரிட்ஜ் கேமரா இருக்கு, 83 மடங்கு ஜூம், ஆனா வெளிச்சம் கம்மியானா படம் பிசுபிசுன்னு வரும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாம், தப்பே இல்ல, ஆனா வாங்குறதுக்கு முன்னாடி செல்போன் டார்ச்சை லென்ஸோட ஒரு பக்கம் அடிச்சு இன்னொரு பக்கத்துலேர்ந்து பாருங்க. உள்ள சிலந்தி வலை மாதிரி நூல் நூலா தெரிஞ்சா அது ஃபங்கஸ், எவ்ளோ சீப்பா குடுத்தாலும் வேண்டாம்.

ஃபங்கஸ்னு சொன்னதும் என் கதை ஞாபகம் வருது. மொத லென்ஸை ஆசையா லெதர் பேக்ல போட்டு பீரோ மேல வச்சேன், ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க அது அங்கயே தூங்குச்சு, பொங்கலுக்கு எடுத்துப் பாத்தா உள்ள ஒரு பூந்தோட்டம். சர்வீஸ் கடைல சொன்ன ரேட்டு லென்ஸ் விலைல பாதி. அதுலேர்ந்து காத்து புகாத பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு (அரிசி போட்டு வைப்போமே அதே டப்பாதான்), உள்ள சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு. மீட்டர் 40-லேர்ந்து 50-க்குள்ள நின்னா நிம்மதி. சென்னைல இருந்துகிட்டு இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க.

இன்னொண்ணு, ஏசி ரூம்ல வச்ச கேமராவை விடிகாலைல நேரா வெளிய தூக்கிட்டுப் போனீங்கன்னா கண்ணாடி பூரா பனி மூடிடும், அரை மணி நேரம் போயிடும், நல்ல வெளிச்சமே அந்த அரை மணி நேரம்தான். முந்தின நாள் ராத்திரியே பேக்கை ஹால்ல வச்சிடுங்க.

சரி, ஏரிக்கு வருவோம். அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும்தான் இங்க சீசன், வடக்கேர்ந்து வர்ற வாத்து, உள்ளான் எல்லாம் அப்பதான் இருக்கும். ஜனவரில ஆறரைக்கு விடியும், நீங்க ஆறே காலுக்கு அங்க நிக்கணும், ஒன்பது மணிக்கு மூட்டை கட்டிடணும். ஏன்னா அதுக்கு மேல தண்ணி மேலயும் சேத்து மேலயும் வெக்கை கிளம்பி அலையலையா ஆடும், தூரத்துல இருக்குற பறவை லட்ச ரூபா லென்ஸ்ல எடுத்தாலும் கொழகொழன்னுதான் வரும், நிறைய பேர் லென்ஸ்ல ஃபோகஸ் ப்ராப்ளம்னு நெனச்சு சர்வீசுக்கு ஓடுறாங்க, ப்ராப்ளம் வெயில்தான்.

எந்தப் பக்கம் நிக்கிறதுன்னா, சூரியன் முதுகுல இருக்கணும். அதுக்கப்புறம் காத்து பாருங்க, இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. பறவை காத்தை எதிர்த்துதான் கெளம்பும், எதிர்த்துதான் இறங்கும். அதனால காத்தும் உங்க முதுகுலேர்ந்து அடிச்சா பறவை உங்களைப் பாத்து வரும், இல்லன்னா நாள் பூரா வால் படம்தான்.

செட்டிங்ஸ்: மேனுவல் மோடு, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 5.6 இல்ல 6.3, உக்காந்திருக்குற பறவைக்கு ஷட்டர் (படம் பதியுற நேரம்) 1/500 செகண்ட், பறக்குறதுக்கு 1/1600-க்கு கீழ வராதீங்க, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டுற உணர்திறன்) ஆட்டோல விட்டுடுங்க. ஃபோகஸ் கன்டின்யூவஸ் (பறவை நகர நகர ஃபோகஸும் கூடவே போகும்), அதாவது நிக்கான் சோனில ஏஎஃப்-சி, கேனான்ல சர்வோ. படம் ரா ஃபைலா (கேமரா மெருகேத்தாம அப்படியே வைக்கிற ஃபைல்) வரட்டும். கிரெய்ன் வந்துச்சேன்னு கவலப்படாதீங்க, கிரெய்னை சாஃப்ட்வேர்ல குறைக்கலாம், ஷேக் ஆனதை ஒண்ணும் பண்ண முடியாது.

இதெல்லாம் பழகறதுக்கு ஒரே ஒரு பறவை சொல்லணும்னா நான் மடையானைத்தான் சொல்லுவேன். குளத்துக் கொக்குன்னும் சொல்லுவாங்க, யாரும் மதிக்காத பறவை, வேளச்சேரி கால்வாய் ஓரம் கூட நிக்கும். சேத்து கலர்ல கழுத்தை உள்ள இழுத்துகிட்டு, ஏதோ வீட்ல சண்டை போட்டுட்டு வந்த பெரியவர் மாதிரி குந்தியிருக்கும். நீங்க பாட்டுக்கு அதுல ஃபோகஸ் வச்சு எக்ஸ்போஷர் (படத்துல விழுற வெளிச்ச அளவு) கரெக்டா இருக்குன்னு சந்தோஷப்படுவீங்க. திடீர்னு உடம்பை ஒட்டிப் பிடிக்கும், வாலைத் தூக்கி ஒரு எச்சம் போடும், நிறைய பறவை கெளம்புறதுக்கு முன்னாடி இதைப் பண்ணும், அதான் உங்க சிக்னல், விரலை பட்டன்ல வைங்க. அடுத்த செகண்ட் றெக்கை விரிஞ்சா வெள்ளை வெளேர்னு இருக்கும், அந்த சேத்து கலர் எங்க போச்சுன்னே தெரியாது. இங்கதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. சேத்து கலர்க்கு வச்ச எக்ஸ்போஷர்ல அந்த வெள்ளை எரிஞ்சு போயிடும், இறகு ஒண்ணு கூட தெரியாது. அதனால அது உக்காந்திருக்கும்போதே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா போடுற கணக்கை நாம கூட்டிக் குறைக்கிற செட்டிங்) மைனஸ் 0.7, நல்ல வெயில்னா மைனஸ் 1 வச்சு காத்திருங்க. எனக்கு இது புரிய ரெண்டு சீசன் ஆச்சு.

மடையான் கைக்கு வந்துட்டா அடுத்தது கருப்பு வெள்ளை மீன்கொத்தி, தண்ணி மேல ஒரே இடத்துல றெக்கை அடிச்சு நிக்கும், உங்களுக்காகவே போஸ் குடுக்குற மாதிரி. கரிச்சான் பூச்சி பிடிச்சிட்டு அதே கம்பிக்குத்தான் திரும்ப வரும், அந்த கம்பில ஃபோகஸ் வச்சு சும்மா நின்னா போதும், துரத்தவே வேணாம்.

அப்புறமா ஊர் சுத்துங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-லேர்ந்து ராம்சார் இடம் (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு பட்டியல்ல இருக்கு), தொரைப்பாக்கம் ரேடியல் ரோட்டு ஓரமே நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி எல்லாம் கிட்டத்துல கிடைக்கும், சில வருஷம் பூநாரை கூட இறங்கும். குளிர்காலத்துல சூரியன் தெக்கால சாஞ்சு போறதால ரோட்லேர்ந்து வடக்கு பாத்து எடுத்தா வெளிச்சம் நல்லா விழும். ஆனா லாரிங்க பறக்குற ரோடு, வ்யூஃபைண்டர்ல கண்ணை வச்சுகிட்டே பின்னாடி நகராதீங்க. வேடந்தாங்கல் ஜனவரி வாக்குல போங்க, சுமார் 80 கிலோமீட்டர், கூடு கட்டுற கூட்டத்தை வாட்ச் டவர்லேர்ந்தே எடுக்கலாம். அந்த ஊர்க்காரங்க தலைமுறை தலைமுறையா பறவையை காப்பாத்தி வந்ததுக்கு ஒரு காரணம் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்ங்கிறதுதான். பூநாரை கூட்டமா வேணும்னா பழவேற்காடு. நன்மங்கலம் மாதிரி காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம நுழையாதீங்க.

புல்லுல நடக்க ஷூ கட்டாயம், ஏரிக்கரைல கண்ணாடி விரியன் உண்டு. தெரு நாய்ங்க தனி ராஜ்ஜியம், ட்ரைபாடை பாத்தா கம்புன்னு நெனச்சு ஒண்ணு ஓடும் இல்ல ஒண்ணு பாயும்.

கூடு கண்ணுல பட்டா திரும்பி வந்துடுங்க, கிளைய ஒதுக்கி படம் எடுக்குற வேலை வேண்டாம், காக்கா நம்மளைப் பாத்துகிட்டேதான் இருக்கும், நாம நகர்ந்ததும் குஞ்சு காலி. பறவை சத்தத்தை ஸ்பீக்கர்ல போட்டு வரவழைக்கிறதும் வேண்டாம். புள்ளி ஆந்தை உக்கார்ற பொந்து தெரிஞ்சா இன்ஸ்டாவுல லொகேஷன் போடாதீங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை இருபது பேர் நிப்பாங்க.

வீட்டுக்கு வந்ததும் 600 படத்துல 580-ஐ அன்னைக்கே அழிங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா ஹார்ட் டிஸ்க் வாங்கியே சொத்து போயிடும். கண்ணு ஷார்ப்பா இல்லன்னா டெலீட், அவ்ளோதான். பேர் தெரியாத பறவையை மெர்லின் ஆப்ல போட்டுப் பாருங்க, அப்படியே அன்னைக்குப் பாத்த லிஸ்ட்டை ஈபேர்ட்ல (பறவை பாக்குறவங்க கணக்கு பதியுற தளம்) ஏத்திடுங்க.

அந்த தம்பி ஞாயித்துக்கிழமை பெரும்பாக்கம் போயிருக்கான், கிட் லென்ஸோட (கேமரா கூடவே வர்ற சின்ன லென்ஸ்). பதினோரு மடையான் படம் அனுப்பினான், பத்துல றெக்கை எரிஞ்சிருக்கு.