கிரேயா, பீஜா? உங்கள் சுவரையே கேளுங்கள்

போன வருஷம் அக்கா வீட்டு ஹாலுக்கு வெளிர் கிரே அடித்தார்கள். பெயிண்ட் கடையில் தரும் நிற மாதிரி அட்டையான ஷேட் கார்டில் பார்த்தபோது அத்தனை அழகு. ரெண்டாவது கோட் காய்ந்து, ராத்திரி டியூப் லைட் போட்டதும் சுவர் முழுக்க நீலம் தட்டிப்போய் நின்றது. அக்கா முகம் வாடிவிட்டது. பெயிண்ட்டில் குறையே இல்லை. அந்த கிரேயில் கொஞ்சம் நீலம் கலந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். நீங்களாவது கடைக்குப் போகும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

முதலில் மாற்றமுடியாததைப் பாருங்கள்: தரை, கதவு, ஜன்னல். தேக்குக் கதவும் சிவப்பு ஆக்சைடு தரையும் இருந்தால் என் ஓட்டு பீஜுக்குத்தான், அதாவது வெளிர் மணல் நிறத்துக்கு. மரத்தின் செம்பழுப்புக்குப் பக்கத்தில் கிரே இன்னும் நீலமாகத் தெரியும். வெள்ளை டைல்ஸ், கறுப்பு கிரானைட், அலுமினிய ஜன்னல் என்றால் கிரே நன்றாகப் பொருந்தும்.

அடுத்து வெளிச்சம். வடக்கு ஜன்னல் வழியே பெரும்பாலும் வானத்து வெளிச்சம்தான் வரும், அதில் கிரே இன்னும் நீலமாகத் தெரியும். மேற்கு ஜன்னலில் சாயங்கால வெயில் மஞ்சளாக இறங்கும்போது பீஜ் சந்தனக் கலருக்கே போய்விடும். பல்பு அட்டையையும் பாருங்கள். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் (K) எண் அதில் இருக்கும்: 6500 கே என்றால் நீலம் கலந்த வெள்ளை, 3000 கே என்றால் இளமஞ்சள்.

இனி ஷேட் கார்டு. அதை ஒரு வெள்ளைத் தாள்மேல் வையுங்கள். அதே வரிசையில் இருக்கும் மிக அடர்ந்த நிறத்தைப் பார்த்தால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கிரேயில் நீலமோ பச்சையோ ஊதாவோ இருக்கும். பீஜில் மஞ்சள் அல்லது ரோஸ். கிரீம் டைல்ஸ் போட்ட வீட்டில் ரோஸ் கலந்த பீஜ் வேண்டாம், தரை அழுக்காகத் தெரியும்.

சரி, இப்போதுதான் முக்கியமான வேலை. பிடித்த ரெண்டு நிறத்திலும் கடையில் கிடைக்கும் மிகச்சிறிய டப்பாவை வாங்குங்கள். பழைய சுவரில் நேரடியாக அடித்துப் பார்க்காதீர்கள், சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். வெள்ளை சார்ட் அட்டையில், ஓரத்தில் ஒரு அங்குலம் விட்டு, ரெண்டு கோட் அடியுங்கள். ஈரத்தில் முடிவு செய்ய வேண்டாம். எமல்ஷன் காய்ந்ததும் பொதுவாக ஒரு சாயல் அடர்ந்துவிடும்.

காய்ந்த அட்டையைச் சுவரில் நிமிர்த்தி ஒட்டுங்கள். ஜன்னல் பக்கம், எதிர்ச்சுவர், கதவோரம், தரையை ஒட்டி என்று இடம் மாற்றுங்கள். காலை எட்டு மணிக்கு, மத்தியானம், ராத்திரி விளக்கில் என மூன்று வேளையும், ரெண்டு நாளாவது பாருங்கள். அக்கா வீட்டில் மறுபடி அடிக்கும்போது இப்படித்தான் பார்த்தோம். பகலில் ஒரேமாதிரி இருந்த ரெண்டு பீஜில் ஒன்று ராத்திரி பச்சை தட்டியது. உடனே கழித்துவிட்டோம்.

ரெண்டுமே மனசுக்கு ஒட்டவில்லையா? கிரேயும் பீஜும் கலந்த கிரேஜ் என்று கேளுங்கள். அதையும் அட்டையில் அடித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். அப்புறம், ஒரு அறைக்குத் தேவையான பெயிண்ட்டை ஒரே தடவையில் கலந்து வாங்கி, டப்பாவில் இருக்கும் ஷேட் எண்ணை போனில் படம் எடுத்து வையுங்கள்.