குட்டிநாய்க்கு வயித்தால போகுதா? வீட்ல என்ன பண்ணலாம், எப்ப டாக்டர்கிட்ட ஓடோணும்

குட்டிக்கு வயித்தால போகுதுன்னா எல்லாரும் மொதல்ல கீழ கெடக்கறதத்தான் பாக்கறாங்க, மஞ்சளா இருக்கு, பச்சையா இருக்கு, தண்ணியா இருக்குன்னு. அதையும் பாக்கோணுந்தான், ஆனா அதுக்கு முன்னாடி குட்டியப் பாருங்க. ரெண்டு தடவ எளகிப் போயிப்போட்டும் செருப்பக் கவ்வீட்டு ஓடுது, சோத்து வட்டலப் பாத்தா வாலாட்டுதுன்னா ஒரு நாள் வீட்லயே வெச்சுப் பாத்துக்கலாம். மூலைல சுருண்டு படுத்துட்டு கூப்பிட்டா தலயக்கூடத் தூக்கலைன்னா, ஒரே ஒரு தடவதான் போயிருந்தாலும் வண்டிய எடுத்துருங்க.

இன்னும் சில விசயத்துக்கு காத்துட்டே இருக்கக் கூடாதுங்க. பேதியோட வாந்தியும் சேந்து வர்றது, ரத்தம் கலந்து போறது, தார் மாதிரி கருப்பாப் போறது, குடிச்ச தண்ணியும் உள்ள நிக்காம வெளிய வர்றது, இதுல எது ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட போகோணும், காலைல பாத்துக்கலாம்னு விடக்கூடாது. ஏன்னா ரெண்டு மூணு கிலோ குட்டி ஒடம்புல தண்ணி சேமிப்பே கொஞ்சந்தான், ராத்திரியோட ராத்திரியா வத்திப்போயிரும். தடுப்பூசி முழுசாப் போடாத குட்டின்னா பார்வோங்கற வைரஸ் நோய் பயமும் இருக்கு. ரத்தத்தோட கெட்ட நாத்தம் அடிக்கிற பேதி, வாந்தி, சோறு தண்ணி வேண்டாம்னு ஒதுங்கறது, இதெல்லாம் அதோட அடையாளம், வைரஸ் ஒடம்புக்குள்ள போயி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள தெரிஞ்சிரும். கிளினிக்ல சின்ன கிட் வெச்சு கொஞ்ச நேரத்துலயே பாத்துச் சொல்லிருவாங்க. ட்ரிப்ஸ் போட்டு முன்னாடியே வைத்தியம் ஆரம்பிச்ச குட்டிக நெறைய பொழச்சு வருது, வீட்லயே கைவைத்தியம் பண்ணி ரெண்டு நாள் கடத்தின குட்டிகதான் பாவம்.

தண்ணிச்சத்து கொறஞ்சிருக்கான்னு நீங்களே பாக்கலாம். மேல் ஒதட்டத் தூக்கி ஈறத் தொட்டுப் பாருங்க, நல்லா இருக்கற குட்டிக்கு ஈறு ரோஸ் நெறமா ஈரமா வழுவழுன்னு இருக்கும், ஒட்டற மாதிரி காஞ்சு இருந்தா தண்ணி பத்தல. வெரலால அமுக்கி எடுங்க, அமுக்கின எடம் வெளுத்துப் போயி ரெண்டு செகண்டுக்குள்ள பழைய நெறத்துக்கு வரோணும். நம்ம நாட்டு நாய்க் குட்டிக நெறையத்துக்கு ஈறே கருப்பா இருக்கும், அதுக்கு கீழ் இமைய மெதுவா இறக்கி உள்பக்கம் பாத்துக்கோங்க. அப்புறம் ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல தோலப் புடிச்சுத் தூக்கி விட்டீங்கன்னா டக்குனு படியோணும், கூடாரமாட்ட நின்னுட்டு மெதுவா எறங்குச்சுன்னா நேரா ஆஸ்பத்திரிதான்.

குட்டி தெம்பா இருக்குது, எளகி மட்டும்தான் போகுதுன்னா ஓஆர்எஸ் குடுக்கலாம். மெடிக்கல்ல விக்கற சாதா பாக்கெட்டே போதும், ஒரு லிட்டர் பாக்கெட்ட ஒரு லிட்டர் ஆறவெச்ச தண்ணில முழுசாக் கலக்கோணும், கொஞ்சமா வேணும்னு பாதிப் பொடிய ஒரு கிளாஸ்ல போட்டா உப்பு கூடிப்போயி கெடுதல்தான் ஆகும். கலக்குனத ஒரு நாளைக்கு மேல வெச்சுக்க வேண்டாம். தானா நக்கிக் குடிச்சா நல்லது, இல்லைன்னா ஊசி கழட்டுன சிரிஞ்சுல 5 மில்லி எடுத்து, ஒதட்டோரமா கன்னத்துப் பக்கம் வெச்சு சொட்டுச் சொட்டா விடுங்க, ஒவ்வொரு சொட்டா அது முழுங்கறதப் பாத்துட்டு அடுத்தது. தலய அண்ணாத்தி தொண்டைக்குள்ள பீச்சக்கூடாது, நொரையீரலுக்குள்ள போயிரும். கால் மணி நேரத்துக்கு ஒருக்கா இப்படிக் குடுத்துட்டே இருந்தா வாந்தி வராம நிக்கும். பொள்ளாச்சிப் பக்கமெல்லாம் எளநி கைலயே இருக்குதுன்னு அதையே குடுப்பாங்க, ஒரு வாய் ரெண்டு வாய் பரவால்ல, ஆனா எளநில சோடியம் கம்மி, பேதில போறது சோடியந்தான், அதனால ஓஆர்எஸ்ஸுக்கு பதிலா எளநி ஆகாதுங்க.

பெரிய நாயாட்ட குட்டியப் பட்டினி போடாதீங்க. வளந்த நாய்க்கு அர நாள் வயித்தக் காயவெக்கலாம், குட்டிக்கு சர்க்கரை சட்டுனு எறங்கி நடுங்கித் துவண்டு போயிரும், சின்ன ஜாதிக் குட்டின்னா இன்னும் சீக்கிரம். அப்படித் துவண்டா ஈறுல கொஞ்சம் குளுக்கோஸோ தேனோ தடவிட்டு ஒடனே கெளம்புங்க.

சாப்பாட்டுக்கு பச்சரிசிய கொழையக் கொழைய வேகவெச்சு, தோலும் கொழுப்பும் எடுத்த கோழி நெஞ்சுக் கறிய வெறும் தண்ணில வேகவெச்சு நார் நாராப் பிச்சுப் போடுங்க, சோறு ரெண்டு பங்கு கறி ஒரு பங்கு. உப்பு வேண்டாம், மஞ்சத்தூளு வேண்டாம், வெங்காயம் பூண்டு சுத்தமா வேண்டாம், அது நாய்க ரத்தத்துக்கே ஆகாது. நேத்து வெச்ச கோழிக் கொழம்புல சோத்தப் பெசஞ்சு போடறது இந்த நேரத்துல எண்ணெய ஊத்தி நெருப்ப அணைக்கற கததான். வழக்கமா திங்கறதுல பாதியளவு எடுத்து அஞ்சாறு தடவயாப் பிரிச்சுக் குடுங்க. அரசாணிக்காய் (மஞ்சப் பூசணி) கெடச்சா தோல் வெதை எடுத்து வேகவெச்சு மசிச்சு ஒரு சின்ன ஸ்பூன் சேத்துக்கலாம், அந்த நாருச்சத்து மலத்த இறுக்கும். ராகிக் களி, கம்மஞ்சோறெல்லாம் வயிறு சரியான பொறகு பாத்துக்கலாம்.

சரி, எதனால வந்துச்சு? நம்ம தோட்டத்து வீடுகள்ல நான் நெம்பப் பாத்தது பால்தானுங்க. கட்டுத்தறில மாடோ எருமையோ இருக்கும், குட்டி வந்த அன்னைக்கே வட்டல் நெறையா பால ஊத்திருவாங்க, பாசத்துலதான். எங்க பெரியம்மா ஊட்லயும் இதேதான், “பாலக் குடிச்சாத்தான் கண்ணு, குட்டி தேறும்”னு மூணு வேளையும் எருமப்பால், குட்டி பொடக்காலி பூரா வாசலு பூரா பேதி. பால நிறுத்தி சோறும் கறியும் போட்டதும் நின்னுருச்சு. நாய்ப்பால்ல இருக்கறத விட மாட்டுப்பால்ல லாக்டோஸ் கூட, குட்டி வளர வளர அத செரிக்கற சக்தியும் கொறையும், செரிக்காத லாக்டோஸ் கொடல்ல தண்ணிய இழுத்து வெச்சுக்கும், அதுதான் பேதியா வருது. தயிர் ஒரு ஸ்பூன் ஒத்துக்கும், அதுல லாக்டோஸ் கம்மி. ஒரு மாசக் குட்டியத் தாய்கிட்ட இருந்து பிரிச்சுக் கொண்டாந்துட்டீங்கன்னா நாய்க்குட்டிக்குன்னே பால் பவுடர் விக்குது, அத வாங்குங்க. ஆனா எட்டு வாரம் தாய்கூட விட்டுட்டுக் கொண்டாறதுதான் நாயம்.

அடுத்தது பூச்சி. தாய் வயித்துல இருக்கறப்பவே உருளைப்புழு குட்டிக்கு வந்துரும், கொக்கிப்புழு தாய்ப்பால் வழியா வரும், அதனால நல்ல எடத்துல வாங்குன குட்டிக்கு பூச்சி இருக்காதுன்னு நெனைக்க வேண்டாம். வயிறு மட்டும் பானையாட்ட உப்பி விலா எலும்பு தெரிஞ்சா பூச்சிதான்னு சந்தேகப்படுங்க. கொக்கிப்புழு ரத்தத்த உறிஞ்சும், ஈறு வெளுத்துப் போகும். பூச்சி மருந்து ரெண்டாவது வாரத்துல ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒருக்கா குடுக்கோணும், அளவு எடையப் பொறுத்தது, குட்டியத் தூக்கீட்டு நீங்க எடை மிசின்ல நின்னு உங்க எடையக் கழிச்சாப் போதும். நல்லாப் பேதி போயிட்டு இருக்கறப்ப டாக்டரக் கேக்காம பூச்சி மருந்து ஊத்தாதீங்க. பூச்சி மருந்துக்கும் அடங்காம சளி சளியாப் போச்சுன்னா காக்சிடியா, ஜியார்டியான்னு கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் உண்டு, அதுக்கு மலத்தப் பரிசோதிச்சாத்தான் தெரியும்.

தோட்டத்துல இருக்கறவங்களுக்கு இத அழுத்திச் சொல்றேன். வாழைக்கோ கரும்புக்கோ குருணை மருந்து போட்ட எடத்துல குட்டி மோந்துட்டு வந்து, பேதியோட எச்சில் ஒழுகிட்டு ஒடம்பு வெடவெடன்னு ஆடுச்சுன்னா அது வயித்துக் கோளாறு இல்ல, விசம். மருந்துப் பாக்கெட்டையும் கைல எடுத்துட்டு அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மனுசங்க பேதிய நிறுத்தப் போடற மாத்திரையப் பாதி ஒடச்சுக் குடுக்கறது, பாராசிட்டமால் குடுக்கறது, ஜாதிக்காய் ஒரசி ஊத்தறது, மூணுமே வேண்டாம். கொழந்தைக்கு ஒரசி ஊத்துனது நாய்க்கும் ஆகும்னு பெரியவங்க சொல்லுவாங்க, ஜாதிக்காய் நாய்க்கு நஞ்சு. பேதிய நிறுத்தற மாத்திரை கிருமிய உள்ளயே அடச்சு வெச்சுரும்.

ஆஸ்பத்திரிக்குப் போறப்ப புதுசாப் போன மலத்துல கொஞ்சத்த சின்ன டப்பால எடுத்துக்கோங்க, போட்டோவும் எடுத்துக்கோங்க, தடுப்பூசி அட்டைய மறக்காதீங்க. ஊசி முழுசாப் போடாத குட்டியக் கிளினிக் தரைல எறக்கி விடாம மடிலயே வெச்சுக்கோங்க. நாமக்கல்லயும் உடுமலைப்பேட்டையிலயும் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்குது, பக்கத்து ஊர்க்காரங்களுக்கு அது நல்ல வசதி, மத்தவங்க உள்ளூர் கால்நடை மருந்தகத்துலயே மொதல்ல காட்டுங்க.

வீட்டச் சுத்தம் பண்றப்ப வெறும் பினாயில நம்பாதீங்க, பார்வோ வைரஸ் அதுக்குச் சாகாது. சோப்புத் தண்ணில கழுவிட்டு, துணிக்குப் போடற ப்ளீச் ஒரு பங்குக்கு தண்ணி முப்பது பங்கு கலந்து ஊத்தி பத்து நிமிசம் ஊற விட்டுக் கழுவுங்க, அதுவரைக்கும் குட்டி அக்கட்டால இருக்கட்டும். மண்ணுல அந்த வைரஸ் மாசக்கணக்குல கெடக்கும், பார்வோ வந்த வாசலுக்கு ஊசி போடாத புதுக் குட்டியக் கொண்டாராதீங்க. உருளைப்புழு முட்டை கொழந்தைகளுக்கும் ஆகாது, மண்ணுல வெளையாடற புள்ளைகளுக்கு கைகழுவச் சொல்லுங்க.

மலம் இறுகுனதும் அன்னைக்கே பழைய தீனிக்குத் தாவ வேண்டாம். ரெண்டு நாள் சோறு கறியே போகட்டும், அப்புறம் கால்பங்கு பழைய தீனி, மறுநா பாதின்னு நாலு நாள்ல மாத்துங்க. புதுசா கம்பெனித் தீனிக்கு மாத்தறதா இருந்தா ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கோங்க. இதுக்கு நடுவுல மறுபடி எளகுச்சுன்னா ஒரு படி பின்னால போங்க, ரெண்டாவது தடவயும் அதேன்னா டப்பாவ எடுத்துட்டு டாக்டரப் பாருங்க.