லோன் காரை மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைக்கிறீர்களா?

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை காரை எடுக்கவே போவதில்லை, பிறகு எதற்கு முழு இன்சூரன்ஸ் என்று தோன்றும். லோன் முடியும்வரை அந்த யோசனையே வேண்டாம். ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஏறியிருக்கும், லோன் ஒப்பந்தமும் பொதுவாக முழு பாலிசியைத்தான் கேட்கும், அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டும் பணம் தரும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால் நின்ற இடத்தில் வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு ஒரு பைசா வராது, இ.எம்.ஐ. மட்டும் மாதாமாதம் போகும்.

பாலிசி தேதியை இப்போதே பாருங்கள். இந்த மாதங்களுக்கு நடுவில் பாலிசி காலாவதியாகும் என்றால் முன்கூட்டியே புதுப்பியுங்கள். விட்டால் காரை மறுபடி சோதிப்பார்கள், 90 நாள் தாண்டினால் நோ க்ளெய்ம் போனஸும் (க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) போச்சு.

அப்புறம் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன், அதாவது பாலிசியோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் பாதுகாப்பு. நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைவிரித்துவிடும். காருக்குள் தரைக் கம்பளம் ஈரமாக இருந்தாலே சாவியைத் தொடாதீர்கள், போட்டோ எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி, வண்டியைக் கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

2024 அக்டோபரில் வெள்ளத்துக்குப் பயந்து சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தியவர்களைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழு சேதமானால் க்ளெய்ம் பணம் முதலில் வங்கியின் பாக்கிக்குத்தான் போகும், மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு.