விந்தணுச் சவ்வைப் பிரிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மனித விந்தணுவின் வெளிச்சவ்வைத் தனியாகப் பிரிக்க இறங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் என்ற அதிவேகச் சுழற்சி இயந்திரத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். வேலை கெடுவது அதற்கு வெகு முன்னால், கழுவும் கட்டத்தில்.

விந்துத் திரவத்தில் புரோஸ்டாசோம் என்ற நுண்பைகள் மிதக்கின்றன. சவ்வுத் துண்டுகளைத் திரட்ட 1,00,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு விசையில்) ஒரு மணி நேரம் சுற்றும்போது இவையும் கூடவே அடியில் படியும். இவற்றில் பாஸ்போலிப்பிடைப் போல ஏறத்தாழ 2 மடங்கு கொலஸ்ட்ரால் உண்டு. சரியாகக் கழுவாமல் 'விந்தணுச் சவ்வின் கொலஸ்ட்ரால்' என்று கணக்கு எழுதினால் அது கலப்படத்தின் கணக்கு. பஃபரில் ஒரு அலசு அலசினால் இவை போகாது. முதலில் மாதிரி 37 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நன்றாக இளகட்டும். அப்புறம் 40, 80 சதவீத சிலிக்காத் துகள் கரைசல் அடுக்குகளின் மேல் மெதுவாக ஊற்றி, 300 ஜி-யில் 20 நிமிடம் சுற்றுங்கள். மேலிருந்து கீழாக உறிஞ்சி எடுத்துவிட்டு, அடியில் படிந்த விந்தணுத் திரளான பெல்லட்டைத் தொடுமுன் பைப்பெட் முனையை மாற்றுங்கள். அதே முனையோடு கீழே இறங்குவது, மெழுகிய தரையில் சேற்றுக் காலோடு நடப்பது மாதிரி. விந்தணு நீக்கிய திரவத்தையும் தனிக்குழாயில் இதே படிகள் வழியாகக் கொண்டுபோனால், புரோஸ்டாசோம் எங்கே வந்து படிகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். இந்தக் குழாய் இல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

வெள்ளணுக்களையும் அலட்சியம் செய்யக்கூடாது. ஒரு வெள்ளணுவின் சவ்வுப் பரப்பு ஒரு விந்தணுவினுடையதைவிடப் பெரிது. விந்தணுவின் டி.என்.ஏ புரோட்டமின் என்ற புரதத்தால் இறுகக் கட்டப்பட்டிருப்பதால் லேசில் அவிழாது. ஆகவே செல்லை உடைத்த கலவை கொழகொழவென்று நூல் இழுத்தால் முதல் சந்தேகம் வெள்ளணு மேல் விழ வேண்டும்.

உடைப்பதற்கு ஒலியலையால் நொறுக்கும் சோனிகேட்டரை எடுப்பது அடுத்த தவறு. அது அக்ரோசோம் (விந்தணுத் தலையின் நொதிப் பை), மைட்டோகாண்ட்ரியா எல்லாவற்றையும் சேர்த்து நொறுக்கிவிடும். நைட்ரஜன் அழுத்தத்தில் வைத்துச் சட்டென்று விடுவிப்பது மென்மையான வழி. எப்படி உடைத்தாலும் அக்ரோசோமில் உள்ள அக்ரோசின் என்ற நொதி கொஞ்சமாவது வெளியே வந்து சவ்வுப் புரதங்களை வெட்டத் தொடங்கும். அதைத் தடுக்கும் பி.எம்.எஸ்.எஃப் என்ற வேதிப்பொருள் தண்ணீரில் நெடுநேரம் தாங்காது, பி.எச் 8, 25 டிகிரி என்றால் அரை மணியைத் தாண்டியதுமே பாதி வீரியம் போய்விடும். காலையில் கலந்த பஃபரை மத்தியானம் ஊற்றுவதில் பயனில்லை. உடைக்கும் நிமிடத்தில் சேருங்கள்.

செய்முறைத் தாளில் 'அறை வெப்பநிலை' என்றால் 20 முதல் 25 டிகிரி. புதுச்சேரியின் மே மாதத்து அறை அல்ல. விந்தணுச் சவ்வில் டி.எச்.ஏ என்ற கொழுப்பமிலம் நிறைய; சூட்டிலும் காற்றிலும் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். உடைத்த பிறகு எல்லாம் ஐஸில்தான். சவ்வைச் சிறு பங்குகளாகப் பிரித்து, மேலே நைட்ரஜன் வாயு நிரப்பி மூடி, மைனஸ் 80-இல் வையுங்கள். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் கரைகடந்த ஊர் இது. மின்சாரம் போனாலும் மாதிரி கெடாதிருக்க, மழைக்காலத்துக்கு முன்பே திரவ நைட்ரஜன் தொட்டியை நிரப்பி வைப்பது அவசியம்.

கருத்தரிப்பு மருத்துவமனையில் மிச்சமான மாதிரிதானே என்று எடுத்துவந்துவிடக் கூடாது. அதைக் கொடுத்தவர் ஆராய்ச்சிக்கென்று எழுத்தில் சம்மதம் தர வேண்டும், நெறிமுறைக் குழுவும் முன்கூட்டியே அனுமதி தந்திருக்க வேண்டும். எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பரிசோதனை முடிவு வந்திருந்தாலும் கையுறையைக் கழற்றாதீர்கள்.