சுடுநீரில் ஆக்சிஜன் நீக்கம்: உலோகத்துக்கு முன் தாங்கியைப் பாருங்கள்

மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருளிலிருந்து கிடைக்கும் ஃபீனாலில் உள்ள ஆக்சிஜனை, அழுத்தத்தில் வைத்த 200–250 டிகிரி செல்சியஸ் சுடுநீரில் வைத்தே கழற்ற வேண்டும். புதிதாக வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "வினையூக்கியாக எந்த உலோகம் போடலாம்?" என்றுதான். எதன்மேல், அதாவது எந்தத் தாங்கியின்மேல், ஏற்றிய உலோகம் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

காமா அலுமினா (அலுமினியம் ஆக்சைடின் ஒரு வடிவம்) வேண்டவே வேண்டாம். இந்தச் சூட்டில் தண்ணீர் அதை போஹ்மைட் என்ற, நீர் சேர்ந்த வேறு வடிவமாக மாற்றிவிடும். மேற்பரப்பு குறையும், உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும். சிலிக்கா மெல்லக் கரையும். கரி, சிர்கோனியா, டைட்டானியா தாக்குப்பிடிக்கும். தொடங்குவதற்கு, கரிமேல் 5 சதவீதம் பல்லேடியம் போதும்.

ஆனால் உலோகம் தனியாக வேலையை முடிக்காது. பல்லேடியம் ஃபீனால் வளையத்தில் ஹைட்ரஜனை ஏற்றும். சைக்ளோஹெக்சனோன் வரும், அப்புறம் சைக்ளோஹெக்சனால். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத் தண்ணீராகப் பிரிக்க அமிலம் வேண்டும். கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் சேருங்கள். சைக்ளோஹெக்சீன் உருவாகும், உலோகம் அதை சைக்ளோஹெக்சேன் ஆக்கிவிடும். விலை குறைவு என்று நிக்கலுக்குப் போனால் இதே அமிலம் நிக்கலைக் கரைக்கும். கரைந்த நிக்கலால் வடிநீர் பச்சையாக இருந்தால் கருவியில் அளந்து பார்க்கவே தேவையில்லை. ருத்தேனியம் படுவேகம், ஆனால் கார்பன்-கார்பன் பிணைப்பையும் வெட்டி மீத்தேனாக வெளியே விட்டுவிடும்.

அழுத்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் சூடேற்ற யாரையும் நான் விடுவதில்லை. 100 மி.லி. ஆட்டோகிளேவில் (மூடிய அழுத்தக் கலன்) 50 மி.லி. தண்ணீர், அறைவெப்பத்தில் 20 பார் அழுத்தத்தில் ஹைட்ரஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 டிகிரியில் நீராவி மட்டுமே சுமார் 40 பார். ஹைட்ரஜன் சூட்டால் 35 ஆகும். இதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம்: தண்ணீர் விரிந்து 62 மி.லி. ஆகிவிடுவதால் மேலே உள்ள இடம் சுருங்கி, அந்த 35 பார் 46-ஐத் தாண்டும். மொத்தம் 86 பார். கலன் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

கலக்கும் வேகத்தைக் கூட்டினால் வினையும் வேகமாகிறதா? அப்படியானால் நீங்கள் அளப்பது வினையூக்கியின் திறனை அல்ல, ஹைட்ரஜன் கரையும் வேகத்தை.

முடிந்ததும் பனிக்கட்டியில் நன்றாகக் குளிரவைத்த பிறகே வாயுவைத் திறந்துவிடுங்கள்; சைக்ளோஹெக்சேன் எளிதில் ஆவியாகும். வடிகட்டிய பல்லேடியம் கரியை ஈரமாகவே வையுங்கள். உலரவிட்டால், ஹைட்ரஜன் ஏறிய அந்தப் பொடி காற்றுப் பட்டதும் தானாகத் தீப்பிடிக்கலாம். பக்கத்தில் மெத்தனால் புட்டி வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.