மெசூசா மாட்டப் போகிறீர்களா? முதலில் சுருளைப் பாருங்கள்

புது வீடு போகும் யூத நண்பர்கள், வாசல் நிலைக்காலில் மெசூசா மாட்ட என்னை ட்ரில்லோடு வரச் சொல்வார்கள். போனதும் வேலைப்பாடு மிக்க வெள்ளிப் பெட்டியைப் பெருமையாகக் காட்டுவார்கள். "உள்ளே என்ன இருக்கு?" என்பேன். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது.

யூதச் சட்டத்தில் மெசூசா என்பது பெட்டிக்குள் இருக்கும் தோல்சுருள்தான். பயிற்சி பெற்ற சோஃபர் (வேத எழுத்தர்) ஒருவர் கருப்பு மையில், கையால், விவிலியத்தின் உபாகம நூலிலுள்ள இரண்டு பகுதிகளை (6:4-9, 11:13-21) 22 வரிகளில் எழுதியிருக்க வேண்டும். மொத்தம் 713 எழுத்து. ஒன்று விட்டுப்போனாலும் செல்லாது. வரிசைப்படிதான் எழுதவேண்டும் என்பதால் பிறகு இடையில் செருகவும் முடியாது. அச்சடித்த காகிதம் கணக்கிலேயே வராது. காசைச் சுருளுக்குச் செலவழியுங்கள். பெட்டி பிளாஸ்டிக்காக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

சொந்த வீடென்றால் குடியேறியதும் மாட்டவேண்டும். இஸ்ரேலுக்கு வெளியே வாடகை வீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. தலைவாசல் மட்டும் போதாது. படுக்கையறை, சமையலறைக்கும் வேண்டும். குளியலறை, கழிப்பறைக்கு வேண்டாம். கதவே இல்லாத வளைவு, சின்னஞ்சிறு அலமாரி அறை மாதிரி குழப்பங்களை யூத மதகுருவான ரப்பியிடம் கேட்டுவிடுங்கள்.

சுருளை மடிக்கக் கூடாது. எழுத்து உட்பக்கம் இருக்கும்படி, இடது ஓரத்திலிருந்து வலதுபக்கமாகச் சுருட்டி, தலைகீழாகாமல் பெட்டியில் வையுங்கள். அப்புறம் அளவு டேப்பை எடுங்கள். உள்ளே நுழையும்போது வலதுகைப் பக்க நிலைக்கால். உயரத்தை மூன்றாகப் பிரித்து, மேல் பாகத்தின் அடிப்பகுதியில் மாட்டவேண்டும். 2.1 மீட்டர் நிலை என்றால் பெட்டியின் அடி 1.4 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது. நிலை அகலமாக இருந்தால், வெளிப்பக்கத்தின் முதல் நான்கு கட்டைவிரல் அகலத்துக்குள், சுமார் 8 செ.மீ.க்குள் வரட்டும்.

நேராகவா, சாய்த்தா? நேராக நிற்கவேண்டும் என்றார் இடைக்கால யூத அறிஞர் ராஷி. படுக்கைவாட்டில் என்றார் அவருடைய பேரன் ரப்பேனு தாம். தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே சமரசமாக, மேல்முனை அறைக்குள் சாயும்படி அஷ்கெனாசிகள் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்கள்) மாட்டுகிறார்கள். செபார்டிகள் (ஸ்பெயின் வழிவந்த மரபு யூதர்கள்) நேராகவே. உங்கள் குடும்ப வழக்கத்தை விடாதீர்கள்.

திருகு, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் தயாரான பிறகு, "லிக்போவா மெசூசா" என்று முடியும் ஆசியைச் சொல்லிவிட்டு, அதன்பிறகே மாட்டவேண்டும். எத்தனை கதவானாலும் ஒரே ஆசி போதும். ஆனால் கடைசிக் கதவு முடியும்வரை வேறு பேச்சு கூடாது. டீ வேண்டுமா என்று யாராவது கேட்டால் தலையை ஆட்டுங்கள். மேலும் கீழும் இறுக்குங்கள். மேல்முனையில் மட்டும் தொங்கி ஆடினால் செல்லாது.

ஏழு ஆண்டுக்கு இரண்டு முறை சோஃபரிடம் காட்டவேண்டும். வெயில் படும் தலைவாசலில் மை சீக்கிரம் வெடிக்கும்; அதை இன்னும் அடிக்கடி பார்ப்பது நல்லது. வீட்டைக் காலி செய்யும்போது, அடுத்து வருபவரும் யூதர் என்றால் கழற்றாமல் விட்டுவிட்டுப் போகவேண்டும்.